காய்ந்த துணியால் தொடாதீர்கள்: வடசென்னையில் காரைக் கழுவும்போதும் பாலிஷ், வேக்ஸ் போடும்போதும் நடக்கும் தவறுகள்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இரவு நேரம் ஏதாவது ஒரு பெட்ரோல் பங்க் விளக்கடியில் நிற்கும் கருப்பு காரின் பானெட்டைப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியதுபோல் மெல்லிய கோடுகள் தெரியும். அந்தக் காரை யாரோ தினமும் அக்கறையாகத் துடைக்கிறார்கள் என்று அர்த்தம். கோடுகள் வட்டமாகக்கூட இல்லை. எல்லாத் திசையிலும் ஓடும் கீறல்களில், விளக்கொளிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் வட்டம்போல் தெரிகின்றன.

காரின் நிறம் அடியில் இருக்கிறது. அதன் மேல் நிறமில்லாத கிளியர் கோட். பெரும்பாலான கார்களில் அதன் கனம் 35 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. கீறல் விழுவதும் அதில்தான், பாலிஷ் போடும்போது தேய்ந்து போவதும் அதில்தான். தேய்ந்தது திரும்ப வளராது. கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சு வெள்ளை வண்டிகளும் ஓடுகின்றன. பாலிஷ் துணியில் வெள்ளையாகச் சாயம் ஏறினால் உங்களுடையது அந்த வகை.

நம் பக்கத்துத் தூசி சாதாரண மண்தூசி இல்லை. எண்ணூரை அடுத்த அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்களின் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்த, கண்ணாடி மாதிரியான நுண்ணிய உருண்டைகள். அவை கிளியர் கோட்டைவிடக் கடினம். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாள்வது உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் நின்று எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரத்துக்கு அது ஆறுதல், எண்ணூர்க்காரருக்கு இல்லை. கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி எல்லோருக்கும் பொது. இதோடு கடல் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். காசிமேடு முதல் எர்ணாவூர் வரை முக்கால்வாசி இரவுகள் அப்படித்தான். காலையில் கார் மேல் நசநசவென்று இருப்பது வெறும் பனி இல்லை.

ஒரு வாளி, ஒரு துணி, எட்டு கார்

இருப்பதிலேயே பெரிய தவறு இது. அடுக்குமாடியில் கார் துடைக்கும் அண்ணன் ஒரே வாளித் தண்ணீரில் ஒரே துணியை நனைத்து வரிசையாக எட்டு வண்டியைத் துடைப்பார். மூன்றாவது காருக்கு வரும்போதே வாளியின் அடியில் சாம்பலும் மணலும் சேர்ந்திருக்கும். அந்தத் துணி பிறகு உப்புத்தாள் மாதிரிதான். குறை அவருடையது இல்லை. தினமும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கேட்பது நாம். அவரிடம் நேராகச் சொல்லிவிடலாம்: "அண்ணே, தினமும் கண்ணாடி மட்டும் தொடைங்க, பாடிய தொடவேணாம். வாரத்துல ஒருநாள் தண்ணி ஊத்திக் கழுவிடுங்க. சம்பளம் அதேதான்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மறுநாளும் துடைப்பார்.

நாமே செய்யும் காலைத் துடைப்பும் இதே கணக்குதான். ஆபீஸ் போகும் அவசரத்தில் காய்ந்த பனியன் துணியால் பானெட்டில் ஓர் இழுப்பு இழுத்தால், அன்றைய சாம்பல் முழுக்க அந்த இழுப்பில் ஓடும். தூசியோடு ஓட்டிப் போங்கள், பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகாது.

கழுவும்போது

முதலில் தண்ணீர், அப்புறம்தான் கை. குழாயோ, ஸ்ப்ரேயரோ, வெறும் மக்கோ எதுவானாலும், கூரையிலிருந்து கீழ்நோக்கித் தண்ணீரை ஓடவிட்டுத் தளர்ந்த மண்ணை இறக்குங்கள். சக்கர வளைவுகளுக்குள்ளும் கதவின் அடி விளிம்பிலும் கொஞ்சம் அதிகமாக ஊற்றுங்கள், உப்பு தங்குவது அங்கேதான். துரு பிடிக்கும் வண்டிகள் பெரும்பாலும் கதவின் அடியில்தான் ஆரம்பிக்கும்.

பிறகு 15 லிட்டர் வாளி இரண்டு. ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பு வாளியில் முக்கி ஒரு பாகத்தைத் தேய்த்ததும், வெறும் தண்ணீர் வாளியில் நன்றாக அலசிவிட்டுத்தான் திரும்பவும் ஷாம்புவுக்குப் போக வேண்டும். அழுக்கு ஒரு வாளியில் தங்கிவிடும், ஷாம்பு சுத்தமாக இருக்கும். கூரை, பானெட், டிக்கி, கதவின் மேல்பாதி என்று இறங்கி, கதவின் கீழ்ப்பாதியையும் பம்பரையும் கடைசியில் தொடுங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி, தனி வாளி. பிரேக் தூளில் இரும்பு இருக்கிறது. ஸ்பாஞ்ச் வேண்டாம். அதன் தட்டையான முகத்தில் சிக்கும் மணல் உள்ளே போக இடமில்லாமல் பெயின்ட்டுக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவிலேயே உருளும். கையுறையின் நூல்களோ மணலை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

வட்டமாகத் தேய்ப்பது பழக்கதோஷம். நேர்கோட்டில், கையின் எடை மட்டும் போதும்.

பாத்திரம் கழுவும் திரவத்தால் கார் உடனே பாழாகாது, ஆனால் போட்ட வேக்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிடும். துணி துவைக்கும் தூள் அதைவிட மோசம். காரம் அதிகம், கரையாத துகளும் இருக்கும். கார் ஷாம்பு பாட்டிலில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். நுரை கூடினால் அலசத் தண்ணீர்தான் கூடும், லாரித் தண்ணீரை நம்பி இருக்கும் தெருவில் அது சின்ன விஷயம் இல்லை. மொத்தம் 50, 60 லிட்டரில் ஒரு நடுத்தரக் காரை முடித்துவிடலாம்.

போர் தண்ணீரும் வெயிலும்

கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். அது பெயின்ட் மேல் காய்ந்தால் கால்சியம், மக்னீசிய உப்புகள் வெள்ளைப் பொட்டுகளாக நின்றுவிடும். காலை 7 மணிக்கு முன்போ, மாலை வெயில் தாழ்ந்த பிறகோ, நிழலில் கழுவுங்கள். பானெட்டில் புறங்கையை வைத்தால் சூடு தெரியக் கூடாது. வெயிலில் வந்து நின்ற வண்டி மீது உடனே தண்ணீர் ஊற்றினால், ஒரு பக்கம் தேய்ப்பதற்குள் மறுபக்கம் ஷாம்பு காய்ந்து படிந்துவிடும்.

கடைசி அலசலுக்கு ஒரு நல்ல வழி வீட்டிலேயே சொட்டிக்கொண்டிருக்கிறது: ஏசி தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவதால் அதில் கரைந்த உப்பு கிட்டத்தட்ட இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு மூன்று இரவுகள் பிடித்தால் ஒரு வாளி நிறையும். மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டி, மேலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். போர் தண்ணீரில் கழுவியிருந்தாலும் பொட்டு விழாது. ஏசி இல்லாத வீட்டில் 5 லிட்டர் கேன் தண்ணீர் அதே வேலையைச் செய்யும்.

ஈரத்தை எடுக்கத் தடித்த மைக்ரோஃபைபர் டவலை விரித்துப் போட்டு, ஒற்றி, மெதுவாக இழுங்கள். குளியல் துண்டு வேண்டாம், மடிப்புத் தையல் கீறும்.

பொட்டு ஏற்கனவே விழுந்திருந்தால் வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து, குளிர்ந்த பெயின்ட் மேல் துணியால் ஒற்றி, 2 நிமிடத்தில் தண்ணீர்விட்டு அலசுங்கள். அதிலும் போகவில்லை என்றால் பொட்டு கிளியர் கோட்டைக் குடைந்து இறங்கிவிட்டது, இனி பாலிஷ்தான்.

காக்கை, புறா எச்சத்தைக் காயும்வரை விடுவதும் தவறு, காய்ந்ததைச் சுரண்டுவதும் தவறு. டிஷ்யூ பேப்பரைத் தண்ணீரில் நனைத்து அதன் மேல் 5, 10 நிமிடம் போட்டு வையுங்கள். ஊறியதும் அப்படியே தூக்குங்கள், தேய்க்காதீர்கள். மே மாத வெயிலில் ஒரே நாளில் தடம் விழுந்துவிடும்.

டீசலிலோ மண்ணெண்ணெயிலோ துடைத்தால் கார் புதுசுபோல் மின்னும் என்பார்கள். மின்னுவது எண்ணெய்ப் படலம். மறுநாள் மாலைக்குள் மணலித் தூசி முழுவதும் அதில் ஒட்டியிருக்கும். தார் ஒட்டியிருந்தால் தார் ரிமூவரைத் தொட்டு அந்த இடத்தை மட்டும் எடுத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவுங்கள்.

கழுவியதும் நேரே பாலிஷ் போடுவது

கழுவிய பிறகும் பெயின்ட்டில் ஒட்டியிருப்பவை உண்டு. கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவுங்கள். நெறுநெறுவென்று தட்டுப்பட்டால் துகள்கள் பதிந்திருக்கின்றன. பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, பெரம்பூர் என்று ரயில் பாதையை ஒட்டி வண்டி நிறுத்துவோரின் வெள்ளைக் கார்களில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் இருக்கும். பெயின்ட் துருப்பிடிக்கவில்லை, இரும்புத் தூள் ஒட்டித் துருப்பிடிக்கிறது. இதற்கென்றே அயர்ன் ரிமூவர் கிடைக்கிறது. தெளித்தால் இரும்போடு வினைபுரிந்து ஊதாவாக வழியும். பாட்டிலில் சொன்ன நேரத்துக்குள், காயும் முன்பே அலசிவிட வேண்டும்.

மிச்சத்துக்குக் களிக்கட்டி, கடையில் கிளே பார் என்று கேளுங்கள். 100 கிராம் கட்டியை மூன்றாகப் பிரித்து ஒரு துண்டைத் தட்டையாக்கி, ஷாம்புத் தண்ணீர் தாராளமாகத் தெளித்து வழுக்கவிடுங்கள். ஈரம் குறைந்தால் களியே கீறும். அழுக்கானதும் மடித்துப் புது முகம் எடுங்கள். கீழே விழுந்துவிட்டால் கழுவிப் பார்க்காதீர்கள், குப்பைக்குத்தான். மூன்றாகப் பிரிப்பதே அதற்காகத்தான். வருடத்துக்கு ஒருமுறை போதும்.

பாலிஷ் வேறு, வேக்ஸ் வேறு

கடை டப்பாக்களில் "வேக்ஸ் பாலிஷ்" என்று சேர்த்தே எழுதியிருப்பதால் இந்தக் குழப்பம். பாலிஷ் அறுக்கும்: கீறலின் இரு கரைகளையும் சீவி மட்டமாக்கும். வேக்ஸ் மூடும், ஒன்றையும் சீவாது. மாதாமாதம் பாலிஷ் போடுகிறவர் மாதாமாதம் கிளியர் கோட்டைச் சீவிக்கொண்டிருக்கிறார்.

நகத்தால் கீறலின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் அது பாலிஷுக்கு அடங்காத ஆழம். அதைத் துரத்திக்கொண்டு போனால் சுற்றியிருக்கும் இடமும் போய்விடும். பற்பசை போட்டுத் தேய்ப்பதைத் தொலைபேசியில் வரும் வீடியோக்கள் நிறுத்தவே மாட்டேன் என்கின்றன. பற்பசையிலும் அறுக்கும் துகள் உண்டு, ஆனால் அது பல்லுக்கு அளந்தது. கீறல் இருந்த இடம் மங்கலாகி, அந்த மங்கலை எடுக்கத் தனியாக ஒரு பாலிஷ் வேலை வைக்கும்.

அதிகமாக அறுக்கும் ரப்பிங் காம்பவுண்டிலிருந்து தொடங்காதீர்கள். இருப்பதில் மென்மையான பாலிஷை முதலில் ஒரே இடத்தில், 40 சென்டிமீட்டர் சதுரத்தில் போட்டுப் பாருங்கள். பட்டாணி அளவு மூன்று நான்கு சொட்டு, ஃபோம் பேட், நெடுக்கிலும் குறுக்கிலுமாக நான்கைந்து சுற்று. துடைத்த பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சமபங்கு தண்ணீரோடு கலந்து ஒருமுறை துடையுங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்திருந்தால் அப்போது வெளிவரும். கை சானிட்டைசர் இதற்கு ஆகாது, அதிலுள்ள கிளிசரின் படிந்துவிடும். திருப்தியாக இருந்தால் மட்டும் மற்ற இடங்களுக்குப் போங்கள்.

வாடகைக்குக் கிடைக்கும் ரோட்டரி மிஷின் புதியவர் கையில் ஆபத்து. ஒரே இடத்தில் சுழன்று சூடேற்றும். கதவு விளிம்பு, பானெட் மடிப்புக் கோடு இங்கெல்லாம் பெயின்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும், சில நொடிகளில் அடிநிறம் தெரிந்துவிடும். டூயல் ஆக்‌ஷன் மிஷின் சுழன்றுகொண்டே ஆடும், மெதுவாக வேலை செய்தாலும் தவறை மன்னிக்கும். எதுவானாலும் விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத பெயின்ட்) வண்டிக்குப் பாலிஷும் கூடாது, சாதா வேக்ஸும் கூடாது. அங்கங்கே பளபளத்துத் திட்டாகிவிடும்.

வேக்ஸை அப்புவது

கனமாகப் பூசினால் அதிகம் காக்கும் என்பது தப்பு. பெயின்ட்டோடு ஒட்டுவது மெல்லிய படலம்தான், மேலே நிற்பதெல்லாம் துணியில்தான் வரும், அதுவும் தோள் வலிக்கத் தேய்த்த பிறகு. துடைத்தெடுக்கும் முன் விரலை நீட்டி இழுத்தால் தெளிவாகக் கோடு விழ வேண்டும். குழைந்து பூசிக்கொண்டால் இன்னும் காயவில்லை. டப்பாவில் 10 நிமிடம் என்று போட்டிருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கூடுதல் நேரம் பிடிக்கும். கருப்பு பிளாஸ்டிக் பாகங்களில் பட்டால் வெள்ளையாக நின்றுவிடும், முன்கூட்டியே டேப் ஒட்டுவது சுலபம்.

வேக்ஸில் சேரும் கார்னௌபா என்ற பனை இலை மெழுகு 82 டிகிரிக்கு மேல்தான் உருகும், ஆனாலும் சென்னை வெயிலில் ஆறேழு வாரத்துக்கு மேல் அதை எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படர்ந்து வழிந்தால் வேக்ஸ் போய்விட்டது. அடிக்கடி பூச நேரமில்லாதவர்கள் வேக்ஸுக்குப் பதிலான செயற்கைப் பூச்சு, அதாவது சிந்தெடிக் சீலன்ட்டுக்குப் போகலாம், சில மாதம் தாங்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் கடைசியில் ஒரு கை பூசி வைப்பது நல்லது. புதிதாக டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்த பாகத்துக்கு மட்டும் ஒரு மாதமாவது விட்டுவிடுங்கள், உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டுத் தூசி படிந்த கார் மேல் கவர் போட்டு மூடுகிறவர்கள் உண்டு. கடற்காற்றில் கவர் இரவு முழுக்க ஆடும், அடியில் இருக்கும் சாம்பலை அதுவே தேய்க்கும். கழுவிக் காய்ந்த அன்று மட்டும் மூடலாம்.

மைக்ரோஃபைபர் துணிகளை வீட்டுத் துணியோடு மிஷினில் போடாதீர்கள், பருத்தியின் பஞ்சு அதில் ஒட்டிக்கொண்டால் பிறகு போகாது. திரவ சோப்பு போதும். துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றினால் நூலில் படலம் படிந்து தண்ணீரை உறிஞ்சாது. நிழலில் உலர்த்தி மூடிய டப்பாவில் வையுங்கள். பெயின்ட்டுக்கு ஒரு நிறம், கண்ணாடிக்கு ஒரு நிறம், சக்கரத்துக்கு ஒரு நிறம் என்று பிரித்துவிட்டால் வீட்டில் யார் எடுத்தாலும் மாறாது. தெருவில் தரையில் விழுந்த துணி அன்றிலிருந்து சக்கரத் துணி.