ஒட்டாத அடைப்புக்குறி

கிருஷ்ணகிரி பக்கம் எங்கள் மாந்தோப்பில் காய் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. பத்தாவது படிக்கும் அக்கா மகள் பழப்பெட்டி மேல் கணக்கு நோட்டை விரித்திருந்தாள். "மாமா, அடைப்புக்குறி ரெண்டும் ஒத்தே வரலை."

கணக்கு 6ம² − 11ம − 10-ஐக் காரணிப்படுத்துவது, அதாவது இரண்டு அடைப்புக்குறிகளின் பெருக்கலாக எழுதுவது. எக்ஸுக்குப் பதில் மாம்பழத்தின் 'ம'. சீசன் அப்படி!

நடு உறுப்பைச் சரியாகத்தான் பிரித்திருந்தாள். 6-ஐ −10-ஆல் பெருக்கினால் −60. பெருக்கினால் அதுவும் கூட்டினால் −11-உம் தருபவை 4, −15. ஆக, 6ம² + 4ம − 15ம − 10. முதல் ஜோடி 2ம(3ம + 2). அடுத்த ஜோடிக்கு −5(3ம − 2) என்று போட்டிருந்தாள். இரண்டு அடைப்புக்குறியும் ஒன்றாக இருந்தால்தானே பொதுவாக வெளியே எடுக்க முடியும்?

நானோ அரை மணி நேரம் அந்த 4, 15 மேலேயே சந்தேகப்பட்டு வேறு எண்களைத் தேடிக்கொண்டிருந்தேன். வீண் வேலை. அப்புறம்தான் −5-ஐ மறுபடி உள்ளே பெருக்கிப் பார்த்தேன்: −15ம + 10. நம்மிடம் இருந்ததோ −10. கழித்தல் குறியை வெளியே இழுத்தால் உள்ளே எல்லாக் குறியும் மாற வேண்டும். அவள் முதல் உறுப்போடு நிறுத்திவிட்டாள். −5(3ம + 2) என்று திருத்தியதும் ஒட்டிக்கொண்டது: (3ம + 2)(2ம − 5).

ம-வுக்கு 1 போட்டுப் பார்த்தோம். இரண்டு பக்கமும் −15. அதற்குள் பெட்டி கேட்டு ஆள் வந்துவிட்டார்.