வெயிலூர் வீட்டுத் தேங்காய்ப்பால் ஐஸ்கிரீம்

என் பேத்திக்குப் பால் ஆகாது. ஒரு வாய் குடித்தாலே உடம்பெல்லாம் தடித்துப்போகும். வேலூரை 'வெயிலூர்' என்று சும்மாவா சொல்கிறார்கள்? கத்திரி வெயிலில் தெருப்பிள்ளைகள் எல்லாம் ஐஸ்கிரீம் சாப்பிட, இவள் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததை என்னால் தாங்க முடியவில்லை. கடையில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று எழுதியிருந்தால் பால் இல்லாதது என்று நம்பிவிடாதீர்கள். பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். பால் பவுடர் பெரும்பாலும் அதிலும் இருக்கும்.

முற்றின தேங்காய் ரெண்டு வேண்டும். நான் நேதாஜி மார்க்கெட்டில் ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்து, நீர் தளும்புவதைத்தான் எடுப்பேன். உடைத்ததும் முகர்ந்து பாருங்கள். லேசாகச் சிக்கு வாடை அடித்தாலும் வேண்டாம். எவ்வளவு மாம்பழம் போட்டாலும் அது மறையாது. துருவி, ஒரு டம்ளர் வெந்நீர் விட்டு அரைத்து, துணியில் பிழிந்தால் ஏறக்குறைய ரெண்டு டம்ளர் கெட்டிப் பால் வரும். அதைத் தனியே வையுங்கள். சக்கையில் அரை டம்ளர் தண்ணீர் விட்டு இரண்டாம் பாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை வெறும் தேங்காய்ப்பாலில் கொஞ்சம் சர்க்கரை கலந்து ஃப்ரீசரில் வைத்தேன். கருங்கல் மாதிரி ஆகிவிட்டது. பாலில் இருக்கும் தண்ணீர் பெரிய பெரிய பனிக்கட்டியாக உறைவதுதான் காரணம். சர்க்கரை இருந்தால் தண்ணீர் முழுக்க இறுகாது, அதனால் இனிப்புக் குறையட்டும் என்று கை இழுக்காதீர்கள். இந்த அளவுக்கு 120 கிராம் வேண்டும். மாவு தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஒரு பெரிய ஸ்பூன் கார்ன்ஃப்ளவர் மாவை இரண்டாம் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, சிறுதீயில் கூழ் பதத்துக்குக் கிண்டுங்கள். அடுப்பை அணைத்து, சூடு தணிந்த பிறகுதான் கெட்டிப் பாலை ஊற்ற வேண்டும். கொதிக்கவிட்டால் திரிந்துவிடும்.

பங்கனப்பள்ளி ஒன்றை விழுதாக அரைத்துக் கலந்து, ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவிடுங்கள். சீதாப்பழக் காலத்தில் அதையும் போடலாம். ஆனால் சூடு காட்டினால் கசக்கும், கொட்டை ஒன்றுகூட மிக்சியில் போகக்கூடாது.

அப்புறம் அகலமான எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்து, ஓரத்தில் உறைந்ததை நடுவில் தள்ளி நன்றாக அடிக்க வேண்டும். நாலு தடவை. சோம்பல்பட்டு ஒரு தடவை விட்டாலும் நாக்கில் நறநறவென்று தெரியும்.

கரண்ட் போனால்? பெரிய அடுக்கில் உடைத்த ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு போட்டு, மூடிய டப்பாவை அதில் புதைத்துத் திருகிக்கொண்டே இருங்கள். உப்பு சேர்ந்த ஐஸ் வெறும் ஐஸைவிட அதிகமாகக் குளிரும். உப்புத் தண்ணீர் மட்டும் உள்ளே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடும் முன் ஐந்து நிமிடம் வெளியே வைத்தால் போதும், நம்ம ஊர் வெயிலுக்கு அதற்குள் இளகிவிடும். பேத்திக்கு மேலே நுங்கு நறுக்கிப் போட வேண்டும். எனக்குக் கடலை மிட்டாய்த் தூள்.