ஞாயிறு ஊழியம், திங்கள் ஓபி

நம் கிறிஸ்தவ ஆட்களிடம் 'ஊழியம்' என்று சொன்னால் பாஸ்டர், ஓய்வுநாள் பள்ளி, கைப்பிரதி இவைதான் நினைவுக்கு வரும். அரசு ஊழியர், வங்கி ஊழியர் என்று ஊரே சொல்கிறதே, அதுவும் அதே சொல்தான். பைபிளில் கொலோசெயர் 3-ஆம் அதிகாரத்தில் "பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்" என்று அப்போஸ்தலன் பவுல் எழுதுவது ஆலய வேலையைப் பற்றி அல்ல, எஜமான் வீட்டில் அடிமைகள் பார்த்த அன்றாட வேலையைப் பற்றி. முதலாளி தலை தெரிந்தால் பரபரப்பு, அந்தப் பக்கம் போனால் செல்போன் என்று இருப்பதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஓபி அடிப்பது.

நான் செய்த தவறையே சொல்கிறேன். ஒரு அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதாவது அச்சாகும் முன் பிழை திருத்துகிற வேலை. காலையில் வந்ததும் நாற்பது ஐம்பது பேருக்கு வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்பி, எல்லோருடைய 'ஆமென்'னுக்கும் பதில் போட்டு முடிக்கும்போது மணி பத்தே முக்கால் ஆகிவிடும். அப்படி ஒரு நாள் அவசரமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட கல்யாண அழைப்பிதழில் மாலை 4.30 என்பது காலை 4.30 ஆகி, 400 கார்டும் அச்சாகிவிட்டது. மேல்பக்கத்தில் வசனம் மட்டும் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது! முதலாளி கத்தவில்லை. "தம்பி, ஜெபம் பண்றது சரி, ப்ரூஃப் யார் பார்ப்பா?" என்றார். அவர் கிறிஸ்தவர் இல்லை, அன்றைக்கு அவரிடம் நான் என்ன சாட்சி சொல்லியிருக்க முடியும்?

இதோடு சேர்ந்ததுதான் அசன வேலை (சபையின் பொது விருந்து) இருக்கிறது, கன்வென்ஷன் கூட்டம் இருக்கிறது என்று லீவு போடாமல் ஒரு மணி நேரம் முன்னால் நழுவுவதும். சம்பளம் வாங்கும் நேரத்தைத் திருடிக் காணிக்கை வைக்கிற மாதிரி அது. நீதிமொழிகள் 11:1 கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது. அதைக் கடைக்காரருக்கு மட்டும் எழுதியது என்று நினைத்துக்கொள்கிறோம்.

சில பேர் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். கர்த்தருக்கென்று செய்கிறேன் என்று ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்து, வீட்டில் பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்காமல் இருப்பார்கள். பத்துக் கட்டளைகளில், ஆறு நாள் வேலை செய் என்ற அதே கட்டளையில்தான் ஏழாம் நாள் ஓய்வும் இருக்கிறது.

அப்புறம், வேலை தேடி அலைகிற பையனிடம் "வேலை செய்யாதவன் சாப்பிடக் கூடாதுன்னு பைபிளே சொல்லுது" என்று குத்துவது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் இருப்பது "வேலைசெய்ய மனதில்லாதிருந்தால்" என்பது. மனது இருந்தும் வேலை கிடைக்காதவனைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு அதிகம் கோபம் வருவது முதலாளி இடத்தில் உட்கார்ந்திருக்கிற நம் ஆட்கள் மேல். ஜெபத்தோடு நாளைத் தொடங்கும் நிறுவனம், சுவரில் வசனம், ஆனால் டீச்சருக்குச் சம்பளம் மூன்று மாதம் பாக்கி. கேட்டால் "ஊழியமா நினைச்சுச் செய்ம்மா" என்பார்கள். கரண்ட் பில்லை மட்டும் ஊழியமாக நினைக்க மாட்டார்கள், அது தேதிக்குப் போய்விடும். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5-ஆம் அதிகாரம் சொல்வதை அந்தச் சுவர்களில் எழுதி நான் பார்த்ததே இல்லை.