ஆக்சிஜன் குன்றிய கட்டியில் புரதப் பிணைப்பை ஒளியால் காணும் முறை

ஆக்சிஜன் போதிய அளவில் உள்ள செல்லில், ஹிஃப்-1 ஆல்ஃபா புரதத்தின் 402, 564 ஆம் இடங்களிலுள்ள புரோலின் எனும் அமினோ அமிலங்களில் ஒரு நொதி ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கிறது. அதை அடையாளங்கண்டே வி.எச்.எல். புரதம் ஹிஃப்பைப் பற்றிச் சிதைவுக்கு அனுப்புகிறது. ஆக்சிஜன் குறைந்தால் இந்தப் பிணைப்பு நிகழாமல் ஹிஃப் தேங்கி, கட்டிக்குப் புதிய இரத்தக்குழாய்களை வரவழைக்கும் மரபணுக்களைத் தூண்டுகிறது. இதைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகியோர் 2019 இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.

பிணைப்பைப் படம்பிடிக்க, மின்மினியை ஒளிரச் செய்யும் லூசிஃபெரேஸ் நொதியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். 2 முதல் 416 வரையிலான அமினோ அமிலங்கள் ஒரு துண்டாகவும், 398 முதல் 550 வரையிலானவை மற்றொன்றாகவும், இடையில் சற்று மேற்பொருந்தி அமையும் பிரிவு 2004 முதல் பயன்பாட்டில் உள்ளது. ஒன்றை 564 ஆம் புரோலின் அடங்கிய ஹிஃப் பகுதியோடும் மற்றொன்றை வி.எச்.எல். புரதத்தோடும் இணைத்தால், இரண்டும் பிணையும்போது மட்டுமே நொதி முழுமை பெற்று ஒளிரும்.

பலர் இடறுவது இதற்குப் பிறகுதான். லூசிஃபெரேஸ் ஒளிரவே ஆக்சிஜன் தேவை என்பதால், 1 சதவீத ஆக்சிஜன் அறையில் ஒளி மங்கினால், பிணைப்பு அறுந்ததா அல்லது விளக்கே அணைந்ததா என்று அந்த ஒரு படத்தைக் கொண்டு சொல்ல இயலாது. ஆகவே, பிரிக்கப்படாத லூசிஃபெரேஸ் கொண்ட செல்களையும், வி.எச்.எல். பற்ற முடியாதபடி ஹிஃப் பகுதியின் புரோலினை அலனினாக மாற்றிய செல்களையும் உடன் வைத்து அளந்து, முழு நொதியின் ஒளியோடு ஒப்பிட்ட விகிதத்தையே முடிவாகக் கொள்ள வேண்டும். இதனினும் உறுதியான சோதனை, சாதாரணக் காற்றில் 100 மைக்ரோமோலார் டெஃபெராக்சமின் சேர்ப்பது: அது ஹைட்ராக்சில் சேர்க்கும் நொதிக்குத் தேவையான இரும்பைக் கவர்ந்துகொள்வதால், ஆக்சிஜன் குறையாமலே பிணைப்பு தடைபட்டு ஒளி தாழும். அங்கும் தாழவில்லையெனில் எலிச் சோதனைக்குச் செல்லாமல், இணைத்த புரதங்களின் கட்டமைப்பைத் திருத்துவதே நல்லது.

எலியின் ஒரு விலாவில் பிரிந்த நொதி கொண்ட செல்களையும், மறு விலாவில் முழு நொதி கொண்டவற்றையும் தோலடியில் வளர்த்து, இரு கட்டிகளும் ஏறத்தாழ ஒரே அளவை எட்டிய பின், உடல் எடையில் கிலோவுக்கு 150 மில்லிகிராம் லூசிஃபெரினை (லூசிஃபெரேஸ் ஒளி உண்டாக்கப் பயன்படுத்தும் பொருள்) வயிற்றறையில் செலுத்தவும். உச்ச ஒளி பொதுவாக 10 முதல் 20 நிமிடங்களுக்குள் வருவதால், ஒரே படத்தோடு நிறுத்தாமல் தொடர்ந்து எடுக்கவும். மயக்க மருந்தைத் தூய ஆக்சிஜனோடு கொடுக்கும் வழக்கம் கட்டியின் ஆக்சிஜன் நிலையையே மாற்றிவிடக்கூடும்; காற்றோடு கலந்து கொடுத்து, எல்லா எலிகளுக்கும் அதே முறையைப் பின்பற்றவும்.

இறுதியில் கட்டியை எடுத்து, 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் குறைந்த ஆக்சிஜன் அழுத்தத்தில் திசுவில் படியும் பிமோனிடசோல் எனும் அடையாளப் பொருளைக் கொண்டு ஆக்சிஜன் குன்றிய பகுதியின் பரப்பை அளந்து, அதே எலியின் ஒளி விகிதத்தோடு ஒப்பிடவும். பிமோனிடசோலை எலி உயிரோடிருக்கும்போதே செலுத்தியிருக்க வேண்டும்.