குழந்தையின் கல்லீரல் கட்டி அறுவையில் அல்ட்ராசவுண்ட்: புரோப்பைக் கையாளும் முறை

சின்னக் குழந்தைகளின் கல்லீரலில் வரும் புற்றுக்கட்டிகளில் ஹெப்பட்டோபிளாஸ்டோமாதான் அதிகம். கட்டி இருக்கும் இடம் சிடியிலும் எம்ஆர்ஐயிலும் முன்பே தெரிந்துவிடும். ஆனால் கல்லீரலைப் பிணைத்திருக்கும் தசைநார்களை அறுத்துத் திருப்பியதும் எல்லாம் இடம் மாறிவிடும். கட்டிக்கும் சிரைக்கும் நடுவே இப்போது எவ்வளவு இடைவெளி என்பதை அறுவை மேசையிலேயே அல்ட்ராசவுண்டில் பார்க்க வேண்டும்.

பெரியவர்களுக்கான டி வடிவ புரோப் (கல்லீரல்மேல் வைத்துப் படம் எடுக்கும் கைக்கருவி) குழந்தையின் உதரவிதானத்துக்கு அடியில் நுழையாது. ஹாக்கி மட்டை வடிவ லீனியர் புரோப், 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரை, வசதியானது. கட்டி பெரிதாகி ஆழம் பார்க்க வேண்டுமானால் அதிர்வெண்ணைக் குறையுங்கள். கிருமிநீக்கிய உறைக்குள் ஜெல்லை ஊற்றி, நுனியில் ஒரு குமிழிகூட இல்லாமல் தடவி இழுத்துக் கட்டுங்கள். குமிழி இருந்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். வெளியே ஜெல் வேண்டாம், சலைன் (உப்புநீர்) போதும். அது வெதுவெதுப்பாக இருக்கட்டும், குழந்தையின் உடல் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

முதலில் மூன்று கல்லீரல் சிரைகளும் பெருஞ்சிரையில் (இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெரிய சிரை) சேரும் இடத்தைப் பிடியுங்கள். ஒவ்வொன்றையும் வெளிநோக்கித் தொடருங்கள். பிறகு குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை இரண்டாகப் பிரியும் இடத்திலிருந்து கிளைகளைத் தொடர்ந்து கல்லீரலின் எட்டுப் பிரிவுகளையும் பாருங்கள். போர்ட்டல் கிளைகளின் சுவர் வெள்ளையாகத் தெரியும், கல்லீரல் சிரைகளின் சுவர் அவ்வளவாகத் தெரியாது.

இங்கே பலரும் தவறுவது அழுத்தத்தில்தான். ரத்தப்போக்கைக் குறைக்க மயக்க மருத்துவர் சிரை அழுத்தத்தைத் தாழ்த்தியிருப்பார். புரோப்பின் எடையே போதும், மெல்லிய சிரை அமுங்கி மறைந்துவிடும். "சிரை இல்லை" என்று முடிவுகட்டும் முன் கையைத் தளர்த்தி மறுபடி பாருங்கள்.

மேற்பரப்பை ஒட்டிய சிறு கட்டி புரோப்புக்கு மிக அருகில் இருப்பதால் மங்கிவிடும். சலைனைத் தேக்கி அதில் புரோப்பைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள், இல்லையேல் எதிர்ப்புறத்திலிருந்து பாருங்கள். கீமோவுக்குப் பிந்தைய சுண்ணாம்புப் படிவு நிழல் வீழ்த்தும். நிழலுக்குள் சிரை இருக்கிறதா என்பதை வேறு கோணத்திலிருந்துதான் அறிய முடியும்.

கட்டி சிரையைத் தள்ளியிருக்கிறதா, அரித்திருக்கிறதா? இதற்கு அவசரப்படவே கூடாது. இரண்டுக்கும் இடையே மெல்லிய வெள்ளைக் கோடு அறுபடாமல் ஓடினால் பெரும்பாலும் தள்ளல்தான். கோடு அறுந்து, சிரைக்குள் திட்டுத் தெரிந்தால் ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளரை வையுங்கள். அதன் வேகஅளவைக் குறைத்து, ரத்த ஓட்டத்துக்கும் ஒலி அலைக்கும் இடையிலான கோணத்தை 60 டிகிரிக்குள் வைத்தும் அங்கே நிறம் நிரம்பாவிட்டால் சிரையை அடைக்கும் உறைகட்டியைச் சந்தேகியுங்கள். வெட்டும் கோட்டை மாற்ற வேண்டியிருக்கும்.

வெட்டும் கோட்டைக் காட்டரியால் (மின்சூட்டுக் கருவி) கல்லீரலின் மேலுறையில் குறியுங்கள். வெட்ட ஆரம்பித்த பிறகும் அடிக்கடி புரோப்பை வையுங்கள். பிளவில் புகுந்த காற்று பளீரென்ற வெள்ளைக் கோடாகத் தெரியும். அதற்கும் கட்டிக்கும் உள்ள தூரத்தை அளந்தால் கத்தி விலகுகிறதா என்று தெரிந்துவிடும்.

வலப்பக்கத்தை எடுத்தபின் மிஞ்சிய இடப்பக்கம் காலியிடத்தில் சரிந்து சிரையை மடக்கிவிடக்கூடும். ரிட்ராக்டர்களை (வயிற்றை விலக்கிப் பிடிக்கும் கருவிகள்) எடுத்து, கல்லீரல் தன் இடத்தில் கிடக்கும்போதே டாப்ளரில் பாருங்கள்: போர்ட்டல் ஓட்டம் கல்லீரலின் உள்நோக்கி இருக்க வேண்டும், கல்லீரல் சிரை பெருஞ்சிரைக்குத் தடையின்றி வடிய வேண்டும். வடியவில்லையென்றால் கல்லீரலை வயிற்றின் முன்சுவரோடு பிணைத்திருந்த அரிவாள் தசைநாரை அச்சுவரில் மறுபடி தைத்து நிறுத்தி, வயிற்றை மூடும் முன் இன்னொரு முறை பாருங்கள்.