பத்து நிமிட உள்ளூர்ச் செய்தி: கேமராவை எடுப்பதற்கு முன்

நியூஸ் டெஸ்க்கில் 9 வருஷம் ரன் டவுன், அதாவது எந்தச் செய்திக்குப் பின் எது, எத்தனை விநாடி என்ற பட்டியல், போட்டுவிட்டு மாணவர்களுக்குச் சொல்லித்தர வந்தவள் நான். வந்த முதல் வருஷம் ஒரு குழு 10 நிமிட உள்ளூர்ச் செய்தி ஒன்றைச் செய்தது. எடிட் முடிந்து ஓட்டிப் பார்த்தால் 14 நிமிடம் 40 விநாடி. "எதை மேடம் வெட்டுறது?" என்று கேட்டார்கள். வெட்டவே முடியாதபடி எல்லாம் ஒன்றோடொன்று கோத்திருந்தது. தப்பு எடிட்டில் நடக்கவில்லை. எழுதின நாளில் ஒருவர்கூட கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசித்துப் பார்க்கவில்லை.

அதிலிருந்து என் வகுப்பில் முதல் மூன்று வாரம் கேமராவுக்கு விடுமுறை. ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு, நல்ல செருப்பு. இவ்வளவு போதும்.

முதல் வேலை, செய்தி பார்ப்பது. பார்ப்பது என்றால் சாய்ந்து உட்கார்ந்து பார்ப்பதல்ல. ஒரே நாளின் புல்லட்டின் மூன்றை, மூன்று வேறு சேனல்களிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாவது உள்ளூர்ச் செய்தியாக இருக்கட்டும். நோட்டில் நெடுக்காகக் கோடு கிழித்து ஐந்து பத்தி போடுங்கள்: எத்தனையாவது விநாடியில் தொடங்கியது, எவ்வளவு நேரம் ஓடியது, என்ன வகை, யார் பேசினார், எத்தனை ஷாட். வகை என்றால், ஆங்கர் மட்டும் வாசித்ததா, விஷுவல் ஓட அதன் மேல் குரல் மட்டும் வரும் வாய்ஸ் ஓவரா, பைட்டோடு (ஒருவர் பேசியதிலிருந்து வெட்டி எடுத்த துண்டு) ரிப்போர்ட்டர் தொகுத்துத் தரும் முழு பேக்கேஜா, நேரலையா என்பது. முதல் நாள் இது சலிப்பாக இருக்கும். இரண்டாவது புல்லட்டினில் கண் பழகிவிடும். ஒரு பைட் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் அபூர்வமாகத்தான் போகிறது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள். நான் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட அது நல்லது.

"யார் பேசினார்" என்ற பத்தியை அசட்டையாக விடாதீர்கள். உலகம் முழுக்க ஒரே நாளில் செய்திகளை எண்ணிப் பார்க்கும் உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. செய்தியில் வரும் மனிதர்களில் பெண்கள் 1995-இல் 17 சதவீதம், 2020-இல் 25 சதவீதம். என் மாணவர்கள் தாங்கள் செய்த புல்லட்டினையே எண்ணிப் பார்த்தபோது பேசிய ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஆண்கள், அதில் ஐந்து பேர் அதிகாரிகள். மாணவர்கள் வேண்டுமென்று செய்ததல்ல. கூப்பிட்டபோது போன் எடுத்தவர்களெல்லாம் அந்த ஆண்கள்தான். திட்டத்திலேயே எழுதி வைக்காவிட்டால் இதுதான் நடக்கும்.

அடுத்தது, யாருக்காக இந்தச் செய்தி. இங்கே மாணவர்கள் உடனே கூகுள் ஃபார்ம் தயாரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். "நீங்கள் செய்தி பார்ப்பீர்களா? செட் என்ன நிறத்தில் இருந்தால் பிடிக்கும்?" நாற்பது பேர் நீலம் என்பார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்குப் பதிலாக இருபது பேரை நேரில் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன வாரம் இந்த ஊரில் நடந்ததில் எதை நீங்கள் இன்னொருத்தரிடம் சொன்னீர்கள்?" மாணவர், ஓய்வுபெற்றவர், கடை வைத்திருப்பவர், இரவு வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தையோடு நிற்பவர் என்று கலந்து கேளுங்கள். பதிலை அவர்கள் வாய்மொழியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பஸ் நேரம் மாறியது, நூலகம் சீக்கிரம் மூடுகிறது, ஒரு பையன் நீச்சலில் ஜெயித்தான். பார்வையாளர் ஆய்வும் கதை வேட்டையும் ஒரே நடையில் முடிந்துவிடும்.

கதை கிடைக்கும் இடங்கள் பெரும்பாலும் அழகில்லாத இடங்கள். உள்ளாட்சிக் கூட்டத்தின் தீர்மானக் குறிப்பு, டெண்டர் அறிவிப்பு, பள்ளி வாசலில் ஒட்டிய தாள், பேருந்து அட்டவணையில் பேனாவால் அடித்துத் திருத்திய வரி. தீர்மானக் குறிப்பைப் படிக்கத் தூக்கம் வரும். ஆனால் "ஒத்திவைக்கப்பட்டது" என்ற சொல் ஒரே விஷயத்துக்கு மூன்று கூட்டமாக வந்திருந்தால் அங்கே ஒரு கதை உட்கார்ந்திருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்குப் பாடப்புத்தகம் ஒரு பட்டியல் தரும். யோஹான் கால்டுங், மாரி ரூகே இருவரும் 1965-இல் காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நார்வே நாளிதழ்கள் எப்படி எழுதின என்று ஆராய்ந்து, ஒரு நிகழ்வு செய்தியாவதற்கு 12 காரணிகள் சொன்னார்கள். பட்டியல் நல்ல பட்டியல்தான். ஆனால் அது வெளிநாட்டுச் செய்தியை வைத்துப் போட்டது. பெரிய மனிதர், பெரிய நாடு என்பதற்கெல்லாம் அதில் இடம் உண்டு. அதை அப்படியே ஒரு வார்டு அளவுக்குச் சுருக்கினால் எல்லாக் கதையும் "சிறப்பு விருந்தினர் வருகை"யாகவே வந்து நிற்கும். நான் கேட்கச் சொல்வது இரண்டே கேள்வி. இது நடந்ததால் நாளைக் காலை யாருக்கு என்ன மாறும்? அதைப் படமாகக் காட்ட முடியுமா? இரண்டாவதற்குப் பதில் இல்லை என்றால் அது பத்திரிகைக்குப் போகட்டும்.

தெருவிளக்குக் கதையைச் சொல்லியாக வேண்டும். ஒரு குழுவுக்கு அருமையான விஷயம் கிடைத்தது. ஒரு பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் மூன்று மாதமாக விளக்கு எரியவில்லை. புகார் கொடுத்தவரிடம் பேசி, ஸ்கிரிப்ட் எழுதி, ஷூட் நாள் குறித்தார்கள். அன்று காலை எனக்குப் போன். குரலே சரியில்லை. "மேடம், லைட்டை சரி பண்ணிட்டாங்களாம்." அழாத குறை. நான் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்கு ஷூட் போட்டிருக்கீங்க?" என்றுதான். காலை 11 மணி! எரியாத தெருவிளக்கை நடுப்பகலில் எப்படிக் காட்டுவதாக இருந்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கதை செத்துவிட்டது என்றார்கள். சாகவில்லை, வேறு கதையாக மாறியிருந்தது. மூன்று மாதம் நடக்காதது ஒரு நாளில் எப்படி நடந்தது? புகார்தாரர் கையில் எத்தனை ரசீது இருக்கிறது? போய்க் கேட்டபோது நான்கு ரசீதை எடுத்து மேசைமேல் பரப்பினார். குழாய் பதிக்கத் தோண்டினபோது கேபிள் அறுந்திருக்கிறது. தோண்டின துறை, விளக்கு எங்கள் வேலை இல்லை என்றது. விளக்குத் துறை, அறுத்தவர்கள் சரி செய்யட்டும் என்றது. நான்கு ரசீதின் குளோசப், மூடின பள்ளத்தின் தடம், அன்று மாலை எரிகிற விளக்கின் கீழே நடந்து போகிற பிள்ளைகள். அந்த வருஷத்தின் நல்ல பேக்கேஜ் அதுதான். ஷூட்டுக்கு முந்தின நாளே ஒரு போன் போட்டிருந்தால் அந்தக் காலைப் பதற்றம் இல்லாமலே அது கிடைத்திருக்கும்.

சரிபார்ப்பைப் பற்றி நீட்ட மாட்டேன். ஒவ்வொரு தகவலுக்கும் ஒருவரையொருவர் சாராத இரண்டு ஆதாரம். ஒருவர் வாட்ஸ்அப்பில் சொன்னதை இன்னொருவர் ஃபார்வர்ட் செய்திருந்தால் அது ஒரு ஆதாரம்தான், அதுவும் அரை. பெயரை எப்படி எழுதுவது, பொறுப்பின் சரியான பெயர் என்ன என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். திரையின் அடியில் வரும் பெயர்ப்பட்டையில் பெயர் தப்பாக வந்தவர் அதற்குப் பிறகு உங்கள் போனை எடுக்கவே மாட்டார். யாரையாவது குறை சொல்கிற கதை என்றால் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும்; பதில் தரவில்லை என்றால் எப்போது, எப்படிக் கேட்டீர்கள் என்று நோட்டில் நேரத்தோடு இருக்கட்டும்.

இனி ரன் டவுன். இங்கேதான் என் பழைய உத்தியோகப் புத்தி தலைதூக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 10 நிமிடம் என்று யாரும் யோசிக்காதீர்கள். 600 விநாடி. டைட்டிலுக்கு 10, ஹெட்லைன்ஸுக்கு 30. மூன்று பேக்கேஜ், ஒவ்வொன்றும் 90, ஆக 270. அவற்றுக்கு ஆங்கர் சொல்லும் முன்னுரை 15 வீதம் 45. வாய்ஸ் ஓவர் செய்திகள் நான்கு, 25 வீதம் 100. ஸ்டுடியோவில் ஒரு குட்டிப் பேட்டி 90. விளையாட்டு 35. விடைபெற 20. கூட்டிப் பாருங்கள், சரியாக 600. "இவ்வளவுதானா!" என்று முகம் தொங்கும். அமெரிக்காவின் சிபிஎஸ் 1963 செப்டம்பர் வரை நாட்டுக்கே உரிய மாலைச் செய்தியை 15 நிமிடத்தில் முடித்துக்கொண்டிருந்தது என்று நான் அப்போது நினைவூட்டுவேன்.

பேட்டியைக் கடைசிக்குப் பக்கத்தில் வையுங்கள். நீளமானால் சுருக்கவும் குறைந்தால் இழுக்கவும் அது ஒன்றுதான் இடம் கொடுக்கும். கையிருப்பாக, தேதியோடு பழசாகிவிடாத 60 விநாடிப் பேக்கேஜ் ஒன்றை முதல் வாரத்திலேயே எடுத்து முடித்துவிடுங்கள். ஏதாவது ஒரு கதை நிச்சயம் கைவிடும்.

ஒரு பேக்கேஜுக்கு எத்தனை ஷாட் வேண்டும் என்பதும் கணக்குதான். 90 விநாடியில் இரண்டு பைட் சேர்த்து 25 விநாடி, ரிப்போர்ட்டர் கேமராவைப் பார்த்துப் பேசும் பீஸ் டு கேமரா 10. மீதி 55. ஷாட்டுக்கு 4 விநாடி என்றால் 14 ஷாட். அப்படியானால் 30 ஷாட் எடுத்து வர வேண்டும், ஒவ்வொன்றும் 10 விநாடி அசையாமல். எந்த 30 என்று ஷூட்டுக்கு முன்பே எழுதுங்கள். எழுதாமல் போன குழு ஒரே கட்டடத்தை எட்டுக் கோணத்தில் எடுத்துக்கொண்டு வரும்.

ஸ்கிரிப்ட்டின் நீளத்தைச் சொல் எண்ணிக்கையால் அளக்க முடியாது. ஆங்கிலத்தில் விநாடிக்கு மூன்று சொல் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். நமக்கு அது உதவாது. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்' என்பதும் நமக்கு ஒரு சொல், 'பூ' என்பதும் ஒரு சொல். உங்கள் ஆங்கரை வாசிக்க விட்டு, அவருக்கு ஒரு நிமிடத்தில் பிராம்ப்டரில் (அவர் பார்த்து வாசிக்கும் திரை) எத்தனை வரி ஓடுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். அதுதான் உங்கள் அளவுகோல். ஆங்கர் மாறினால் அளவுகோலும் மாறும்.

மொழி விஷயத்தில் மாணவர்களுக்கு ஒரு நோய் உண்டு. "பாலப் பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்பட்டு வருவதன் காரணமாக அவ்வழியே செல்லும் வாகனங்கள் மாற்றுப்பாதையில் திருப்பிவிடப்பட்டுள்ளன." இதை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். நடுவில் உயிர் போகும். "பாலத்தில் வேலை நடக்கிறது. வண்டிகள் வேறு வழியாகப் போக வேண்டும்." போதும். எண்களை எழுத்தில் எழுதிக் கொடுங்கள். 1,37,500 என்று கண்டதும் தடுமாறாத ஆங்கரை நான் அதிகம் பார்த்ததில்லை. ழகரம் வராத ஆங்கர் என்றால் திட்டாதீர்கள். அந்த எழுத்து குவியாமல் வரியை மாற்றி எழுதுவது டெஸ்க்கின் வேலை.

ஆங்கர், செட், கோட்டு என்று மாணவர்கள் செலவழிக்கிற நேரம் எனக்கு எப்போதும் எரிச்சல். பிபிசி 1954 ஜூலையில் தொலைக்காட்சிச் செய்தி தொடங்கியபோது வாசிப்பவர் முகத்தைக் காட்டவே இல்லை. 1955 செப்டம்பரில்தான் கென்னத் கெண்டல் திரையில் தோன்றி வாசித்தார். ஒரு வருஷத்துக்கு மேல் படமும் குரலுமாகவே ஓடியிருக்கிறது. உங்கள் ஆங்கருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஓடும்.

இடம் பார்க்கப் போகும்போது, ஷூட் எந்த நேரமோ அதே நேரத்தில் போங்கள். வெயில் எந்தப் பக்கம், பேட்டி தருபவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னலா, ஜெனரேட்டர் ஓடுகிறதா, பிளக் பாயிண்ட் எங்கே. கண்ணை மூடி ஒரு நிமிடம் நில்லுங்கள். நின்றால்தான் சத்தம் கேட்கும். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பிள்ளைகள் திரையில் வந்தால் பெற்றோர் கையெழுத்து வேண்டும், "டீச்சர் சரின்னாங்க" போதாது. டைட்டில் இசையை இணையத்திலிருந்து உருவாதீர்கள். வகுப்பில் கீபோர்டு தெரிந்த யாராவது 10 விநாடிக்கு வாசிக்கட்டும்.

தொழில்நுட்பத்தில் முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டியவை சில. எல்லாக் கேமராவும் போனும் ஒரே ஃப்ரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படம் என்பது), படுக்கைவாட்டம் மட்டும், ஒலி 48 கிலோ ஹெர்ட்ஸ். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஓடும் ஊர் என்றால் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 விநாடி. இல்லாவிட்டால் குழல்விளக்கு திரையில் துடிக்கும். பெயர்ப்பட்டையும் ஸ்க்ரோலும் திரையின் நடு 90 சதவீதத்துக்குள் அடங்கட்டும்.

ஷூட்டுக்கு முந்தின மாலை எல்லோரும் உட்கார்ந்து முழு புல்லட்டினையும் வெறும் வாயால் ஓட்டுங்கள். ஆங்கர் வாசிக்கட்டும், பேக்கேஜ் வருமிடத்தில் ரிப்போர்ட்டர் தன் ஸ்கிரிப்ட்டை வாசிக்கட்டும், பைட் வருமிடத்தில் யாராவது அத்தனை விநாடி சும்மா இருக்கட்டும். ஒருவர் ஸ்டாப்வாட்ச். 600-ஐத் தாண்டினால் அன்றே வெட்டுங்கள். பிறகு பேட்டரியை சார்ஜரில் போட்டுவிட்டு, நாளை பேசப்போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு போன்: "வணக்கம் சார், நாளைக்குப் பத்தரைக்கு வர்றோம். நிலைமையில ஏதும் மாற்றம் உண்டுங்களா?"