'நாங்கள் பிபிசி பார்ப்பதில்லையே' என்பவர்களுக்கு: டிவி லைசென்ஸ் தவறுகள்

செப்டம்பர் வந்தால் லண்டனுக்குப் புதிதாகப் படிக்க வரும் பையன்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, வீட்டில் டிவியே இல்லை, லைசென்ஸ் எதுக்கு?" டிவி லைசென்ஸ் என்பது பிரிட்டனில் டிவி பார்க்க வருடக் கட்டணம் கட்டி வாங்கும் அனுமதி, அந்தப் பணம் பெரும்பாலும் பிபிசிக்குத்தான் போகிறது. நானும் இப்படிக் கேட்டவன்தான். அதனால் கட்டணத்தைக் கட்ட மறப்பது மாதிரி எல்லாருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன்.

பிபிசி பார்க்காவிட்டால் வேண்டாம் என்ற கணக்கு

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. நான் வந்த புதிதில் ஒரு கடையில் தமிழ்ச் சேனல்கள் வரும் பாக்ஸ் வாங்கினேன். "நெட்டில் வருது தம்பி, லைசென்ஸ் எல்லாம் கேட்க மாட்டான்" என்றார் கடைக்காரர். ஒரு சனிக்கிழமை கதவு தட்டப்பட்டது, லைசென்ஸ் ஆள். உள்ளே சீரியல் ஓடும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்கிறது, நான் பிபிசி பார்ப்பதில்லை என்று விளக்கிக்கொண்டிருக்கிறேன்! அன்றைக்கே முழுக் கட்டணத்தையும் கட்டினேன்.

சட்டம் பார்ப்பது சேனலை அல்ல, கருவியையும் அல்ல. ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் பார்க்கிறீர்களா, பதிவு செய்கிறீர்களா என்பதுதான் கேள்வி. சென்னையிலிருந்து வரும் சேனலாக இருந்தாலும், போனில் பார்க்கும் நேரலை கிரிக்கெட்டாக இருந்தாலும் லைசென்ஸ் வேண்டும். அதே சீரியலின் நேற்றைய எபிசோடை மறுநாள் ஆப்பில் போட்டுப் பார்த்தால் வேண்டாம். இதில் பிபிசியின் ஆன்லைன் வீடியோ சேவையான ஐபிளேயர் மட்டும் விதிவிலக்கு, 2016 செப்டம்பர் 1 முதல் அதில் பழைய நிகழ்ச்சியைப் பார்க்கவும் லைசென்ஸ் தேவை. 2025 ஏப்ரலில் வருடக் கட்டணம் 174.50 பவுண்டு ஆனது. மாட்டினால் அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம், நீதிமன்றச் செலவு தனி. (வந்தவரிடம் வாரன்ட், அதாவது நீதிமன்ற உத்தரவு, இல்லையென்றால் உள்ளே விட வேண்டிய கட்டாயம் இல்லை. அது எனக்கு அன்று தெரியாது, டீ போட்டுக் கொடுத்தேன்.)

ஷேரிங் வீட்டில் 'அவன் கட்டியிருக்கான்'

லைசென்ஸ் ஆளுக்கு இல்லை, முகவரிக்கு. எல்லாரும் சேர்ந்து ஒரே அக்ரிமென்டில் கையெழுத்துப் போட்டிருந்தால் பொதுவாக ஒன்றே போதும். அறைக்கு அறை தனி அக்ரிமென்ட் என்றால், உங்கள் அறையில் நேரலை பார்க்க உங்களுக்குத் தனி லைசென்ஸ். அக்ரிமென்டை எடுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள், பெரும்பாலான பையன்கள் அதைப் படிப்பதே இல்லை.

பெற்றோர் லைசென்ஸில் ஒட்டிக்கொள்வது

விடுமுறைக்குப் போகும் வீட்டுக்கு லைசென்ஸ் இருந்தால் மாணவர்கள் அறையில் லேப்டாப்பில் பார்க்கலாம், ஆனால் அதன் சொந்த பேட்டரியில் மட்டும். சார்ஜரைச் செருகிய நிமிடமே சலுகை போச்சு. அப்புறம், அப்பா அம்மா மதுரையில் இருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

75 வயதானால் இலவசம்

2020 ஆகஸ்ட்டிலிருந்து பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவர்களுக்கான அரசு உதவித்தொகை) வாங்குபவர்களுக்கு மட்டும்.

ரேடியோ

இதற்கு லைசென்ஸ் வேண்டாம். 1971-லேயே எடுத்துவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பும்போது அப்படியே விட்டுப் போவது

டைரக்ட் டெபிட்டை (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும் ஏற்பாடு) நிறுத்தினால் மட்டும் போதாது, லைசென்ஸையும் ரத்து செய்யுங்கள். மிச்சமிருக்கும் முழு மாதங்களுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.